யாழினி: பெயரின் பொருளும் பிறப்பும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மகளுக்கு யாழினி என்று பெயர் வைக்க நினைப்பவர்கள், வைத்துவிட்டு ஆங்கில எழுத்துக்கூட்டலில் மாட்டிக்கொண்டவர்கள், தம் பெயருக்கு என்ன பொருள் என்று தேடும் யாழினிகள் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பெயர்ப் பட்டியல்கள் 'இனிமையானவள்' என்ற ஒற்றைச் சொல்லோடு இந்தப் பெயரைக் கடந்துவிடுகின்றன. அந்த அவசரம் இங்கே வேண்டாம்.

யாழினி என்றால் என்ன பொருள்?

யாழை உடையவள், யாழ் மீட்டுபவள். யாழ் என்பது பழந்தமிழரின் நரம்புக் கருவி. யாழைப் போன்ற இனிய குரலோ இயல்போ கொண்டவள் என்பது அதிலிருந்து கிளைத்த பொருள். அதுவும் தவறில்லை. ஆனால் முதற்பொருளில் கருவி அவள் கையில் இருக்கிறது. தேன்மொழி, குயில்மொழி போன்ற பெயர்கள் பெண்ணின் பேச்சைக் கேட்பவர் பாராட்டுவதாக அமைந்தவை. யாழினி அவளுடைய கலையைச் சொல்லும் பெயர். பட்டியல்கள் தவறவிடுவது இதைத்தான்.

'இனி' என்பது இனிமையைக் குறிக்கிறதா, அல்லது பத்மினி, மோகினி போல வடமொழி விகுதியா?

இரண்டும் தேவையில்லை. யாழ் + இன் + இ என்று பிரித்தாலே போதும். இன் என்பது சாரியை, அதாவது இடையில் வந்து இணைக்கும் அசை; இ என்பது பெண்பால் விகுதி.

இதற்கு நல்ல சான்று திருவாசகத்தில் இருக்கிறது. திருப்பள்ளியெழுச்சியில் மாணிக்கவாசகர் 'இன்னிசை வீணையர் யாழினர் ஒருபால்' என்கிறார். திருப்பெருந்துறையில் விடியற்காலையில் இறைவன் முன் கூடி நிற்பவர்களைக் காட்டும் வரி அது. யாழை உடையவர்கள் யாழினர். அந்தக் கூட்டத்திலிருந்து ஒரு பெண்ணை மட்டும் அழைக்க வேண்டுமானால் யாழினள் என்றோ யாழினி என்றோதான் வரும். பெயரைப் புதிதாக உருவாக்கியவர் இந்த வரியை நினைத்திருக்க வேண்டியதில்லை. மொழியில் அச்சு தயாராக இருந்தது என்பதே செய்தி.

ஓசையில் இதற்கு மூத்த உறவுகளும் உண்டு. பாணர் குடியில் பாடும் பெண்ணைச் சங்கப் பாடல்கள் பாடினி என்கின்றன. வேட்டுவரான எயினர் குடிப் பெண் எயினி. புறநானூற்றின் 11ஆம் பாட்டைப் பாடியவர் பெயரே பேய்மகள் இளவெயினி. அந்தப் பாட்டில், சேரமான் பாலைபாடிய பெருங்கடுங்கோவின் வீரத்தைப் பாடிய பாடினி பொன்னணி பெறுகிறாள். 'இனி' என்று முடிந்தாலே வடமொழி என்று சந்தேகப்படுபவர்கள் இளவெயினியை ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம்.

பத்மினி, நளினி, மாலினி ஆகியவை வடமொழி இலக்கணப்படி அமைந்தவை. அந்த ஒலிக்குத் தமிழ்க் காது ஏற்கெனவே பழகியிருந்ததும் யாழினி எளிதில் ஒட்டிக்கொள்ள ஒரு காரணமாக இருக்கலாம். ஒலி ஒன்றுபோல இருப்பதால் மூலமும் ஒன்று என்று ஆகிவிடாது.

'யாழ் + இனி', அதாவது இனிமேல் யாழ்தான் என்று வேடிக்கையாகப் பிரிப்பவர்களும் இருக்கிறார்கள். வேடிக்கைக்கு வரம்பில்லை.

அப்படியானால் இது சங்க காலப் பெயரா?

இல்லை. 'இரண்டாயிரம் ஆண்டுப் பழமையான பெயர்' என்று எங்காவது படித்தால் நம்ப வேண்டாம். ஔவை, ஆதிமந்தி, வெண்ணிக்குயத்தி, நச்செள்ளை, நக்கண்ணை என்று நீளும் அந்தக் காலப் பெண்பெயர்களில் யாழினி இல்லை. யாழ் பழையது, சொல்லாக்க முறை பழையது, பெயர் புதியது. இதில் குறைபட்டுக்கொள்ள ஒன்றுமில்லை.

எப்போது வழக்கத்துக்கு வந்தது?

ஒரு நாளைக் குறித்துச் சொல்ல முடியாது. அது வந்த வழியைச் சொல்லலாம்.

1916 வாக்கில் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கிய மறைமலையடிகள், வேதாசலம் என்ற தம் பெயரையே தமிழாக்கிக்கொண்டவர். அவருக்கு முன்பே சூரியநாராயண சாஸ்திரியார் பரிதிமாற் கலைஞர் ஆகியிருந்தார். திராவிட இயக்கம் இந்தப் பழக்கத்தை மேடையிலிருந்து வீடுகளுக்குக் கொண்டுபோனது. நாராயணசாமி நெடுஞ்செழியனாகவும் ராமையா அன்பழகனாகவும் ஆன பிறகு, தொண்டர்கள் தம் பிள்ளைகளுக்குத் தேடித்தேடித் தமிழ்ப் பெயர் வைத்தார்கள். தமிழ்ச்செல்வி, மலர்விழி, கயல்விழி, பூங்கோதை, தேன்மொழி எல்லாம் அந்தத் தலைமுறையின் அடையாளம். வகுப்பு வருகைப் பதிவேட்டைப் பார்த்தாலே அப்பா எந்தக் கட்சி என்று ஓரளவு ஊகித்துவிடலாம்.

பின்னர் காற்று திசை மாறியது. ஷ், ஸ், ஜ கலந்த பெயர்கள் வந்தன. இரண்டெழுத்து, மூன்றெழுத்து, வாயில் வழுக்கும் ஒலி என்று பெற்றோரின் ரசனை சுருங்கியது. நெடிய தமிழ்ப் பெயர்கள் பழையவையாகத் தோன்றத் தொடங்கின. யாழினி, இனியா, மகிழினி, ஓவியா, இலக்கியா, நிலா போன்றவை இந்த இரண்டு ஆசைகளையும் ஒருசேர நிறைவேற்றுபவை. தமிழும் வேண்டும், குறுகிய நவீன ஒலியும் வேண்டும் என்பவர்களுக்காக வந்த பெயர்கள். ஈழத்தில், போர்க்காலத்தில் தமிழ்ப் பெயர் வைப்பது ஓர் அரசியல் உறுதியாகவே இருந்தது. அங்கிருந்து புலம்பெயர்ந்த குடும்பங்கள் பெயர்களையும் சுமந்து சென்றன.

யாழ் எப்படி இருக்கும்? மகள் கேட்டால் என்ன காட்டுவது?

பழைய யாழ் ஒன்றுகூட நம்மிடம் முழுதாக மிஞ்சவில்லை. மரமும் தோலும் நரம்பும் மண்ணில் மக்கிப்போகும் பொருள்கள். ஆனால் முடத்தாமக்கண்ணியார் நமக்கு ஒரு சொற்படம் விட்டுச்சென்றிருக்கிறார். கரிகாலனைப் பாடும் பொருநராற்றுப்படையின் தொடக்கத்திலேயே, இருபது வரிகளுக்குள், யாழை அடியிலிருந்து நுனிவரை தடவிப் பார்க்கிறார்.

முதலில் பத்தர், அதாவது ஒலி திரளும் அடிப்பகுதி. மானின் குளம்பு பதிந்த தடம்போல நடுவில் உயர்ந்து இருபுறமும் தாழ்ந்திருக்கிறது. அதன்மேல் விளக்குச் சுடரின் நிறத்தில் தோல் இறுக்கிப் போர்த்தப்பட்டிருக்கிறது. தோலின் இரு ஓரமும் கூடித் தைத்த கோடு, இளஞ்சூல் கொண்ட பெண்ணின் வயிற்றில் மெல்லிய மயிர் ஒழுங்காக ஓடுவதுபோல இருக்கிறதாம். துளைகளை அடைக்கும் ஆணிகள் வளைக்குள்ளிருந்து பார்க்கும் நண்டின் கண்கள். வாய் எட்டாம் நாள் பிறையின் வடிவம், உள்நாக்கு இல்லாத வாய். தண்டு தலையெடுத்த பாம்பைப்போல ஓங்கி நிற்கிறது. நரம்புகளைத் தண்டோடு இறுக்கும் வார்க்கட்டான திவவு, மாநிறப் பெண்ணின் முன்கையில் நெருங்கிக் கிடக்கும் வளையல்கள். நரம்புகள் குத்தித் தீட்டிய தினையரிசிபோலப் பழுதற்றவை.

கடைசியில் அந்த யாழின் ஆற்றலைச் சொல்கிறார். அதில் பாலைப்பண் எழுந்தால், வழிப்பறிக் கள்வர்கள் கையிலிருக்கும் ஆயுதத்தைக் கீழே போட்டுவிட்டு, கொடுமை மறந்து நிற்பார்களாம். மகளுக்குச் சொல்ல இதைவிட நல்ல கதை தேட வேண்டியதில்லை.

கண்ணால் பார்த்தே தீர வேண்டுமென்றால், பர்மாவில் இன்றும் வாசிக்கப்படும் 'சௌங்' என்ற வில்வடிவக் கருவியின் காணொளியைக் காட்டலாம். தோல் போர்த்த அடியும் வளைந்தெழும் தண்டும் நம் யாழின் குடும்பச் சாயலைக் காட்டிக்கொடுக்கும். தமிழ்நாட்டிலும் அண்மை ஆண்டுகளில் இளைஞர்கள் சிலர் இலக்கியக் குறிப்புகளை வைத்து யாழை மறுபடி செய்து வாசிக்கிறார்கள்.

யாழும் வீணையும் ஒன்றுதானே?

இல்லை. மாணிக்கவாசகர் வீணையரையும் யாழினரையும் தனித்தனியாக எண்ணுவதை மேலே பார்த்தோம். வீணையில் மெட்டுகள் உண்டு. ஒரே தந்தியை வெவ்வேறு மெட்டில் அழுத்திப் பல சுரங்களை எழுப்பலாம். யாழில் மெட்டு கிடையாது. ஒவ்வொரு நரம்பும் ஒவ்வொரு நீளம், ஒவ்வொன்றுக்கும் ஒரு சுரம். அதனால்தான் நரம்புகளின் எண்ணிக்கையை வைத்தே யாழ்களை வகைப்படுத்தினார்கள். சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்குநல்லார் கணக்கில் பேரியாழுக்கு 21, மகரயாழுக்கு 19, சகோடயாழுக்கு 14, செங்கோட்டியாழுக்கு 7.

இவை அவைக்கும் அரங்குக்கும் உரியவை. எளியவர்களின் யாழும் இருந்தது. பெரும்பாணாற்றுப்படையில் ஓர் இடையன் குமிழமரத்தின் உள்துளை கொண்ட கொம்பை வளைத்து, மரல் நாரை நரம்பாகக் கட்டி, வில்யாழ் செய்து வாசிக்கிறான். காட்டில் கிடைத்ததை வைத்துக் கையோடு செய்துகொண்ட கருவி.

வீணை வகைகள் வளர்ந்தபின் யாழ் மெல்ல மெல்ல வழக்கொழிந்தது. கமகங்களை, அதாவது சுரங்களின் அசைவுகளை, இழைக்க மெட்டுள்ள கருவி வசதியானது. யாழிலோ பண்ணை மாற்ற வேண்டுமென்றால் நரம்புகளை மறுபடி சுருதி கூட்ட வேண்டும். அதன் இலக்கணத்தைத் தோண்டியெடுத்தவர் மட்டக்களப்புப் பகுதியின் காரைதீவில் 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகள். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையையும் அதன் உரைகளையும் அடிப்படையாகக் கொண்டு அவர் எழுதிய 'யாழ் நூல்', கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் வெளியீடாக 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதமே அடிகள் மறைந்தார். யாழினி என்று பெயர் வைத்த வீட்டில் அந்த நூலின் ஒரு படி இருந்தால் நன்று. படிப்பதற்குக் கடினம்தான், இருக்கட்டும்.

திருக்குறளில் இந்தப் பெயர் வருகிறது என்கிறார்களே?

'குழல்இனிது யாழ்இனிது என்பதம் மக்கள் மழலைச்சொல் கேளா தவர்' என்ற 66ஆவது குறளைத்தான் சொல்கிறார்கள். அதில் இருப்பது 'யாழ் இனிது' என்ற தொடர். சேர்த்துப் படிக்கும்போது பெயர் காதில் விழுகிறது, அவ்வளவே. பிறந்தநாள் அழைப்பிதழில் இந்தக் குறளை அச்சிடுகிறவர்கள் பொருளையும் கவனிக்க வேண்டும். தம் பிள்ளையின் மழலையைக் கேட்காதவர்கள்தாம் யாழ் இனிது என்பார்கள் என்கிறார் வள்ளுவர். மழலை பேசும் குழந்தைக்கே யாழினி என்று பெயர் சூட்டியவர்கள் இரண்டு பக்கமும் வென்றுவிட்டார்கள்.

பெயருக்குப் பொருந்தும் இன்னொரு குறளும் உண்டு. 'கணைகொடிது யாழ்கோடு செவ்விது' என்று தொடங்கும் 279ஆவது குறள். அம்பு நேராக இருந்தாலும் கொடியது, யாழின் தண்டு வளைந்திருந்தாலும் நல்லது, மனிதரையும் செயலை வைத்தே மதிக்க வேண்டும் என்கிறது. அழைப்பிதழில் யாரும் இதைப் போடுவதில்லை.

இலக்கியத்தில் யாழ் வாசித்த பெண்கள் யார் யார்?

சிலப்பதிகாரத்தின் மாதவியில் தொடங்கலாம். புகார்க் கடற்கரையில் வசந்தமாலை கையிலிருந்து யாழைத் தொழுது வாங்குகிறாள். பத்தரும் கோடும் ஆணியும் நரம்பும் குற்றமற்ற யாழ் என்று இளங்கோ உறுப்புகளைப் பெயர் சொல்லி எண்ணுகிறார். சீவக சிந்தாமணியின் காந்தருவதத்தை, யாழில் தன்னை வெல்பவனையே மணப்பேன் என்று அறிவிக்கிறாள். போட்டியில் சீவகனிடம் ஒவ்வொரு யாழாகக் கொடுக்க, அவன் மரத்தின் குற்றம், நரம்பின் குற்றம் என்று சொல்லித் தள்ளிக்கொண்டே வருகிறான். கருவியையே சோதிக்கத் தெரிந்தவன்தான் அவளுக்கு ஈடு. பெருங்கதையில் வாசவதத்தை உதயணனிடம் யாழ் கற்கிறாள். அவனுடைய யாழுக்குக் கோடபதி என்று பெயர்கூட உண்டு, மதயானையை அடக்கிய யாழ் அது. பெரியபுராணத்தில் திருநீலகண்ட யாழ்ப்பாணரின் மனைவி மதங்கசூளாமணி கணவரோடு சேர்ந்து ஞானசம்பந்தரின் பாடல்களை இசைத்து ஊர் ஊராகப் போகிறார்.

இத்தனை பேரில் யாருக்கும் யாழினி என்று பெயர் இல்லை. ஆனால் எல்லோருமே யாழினிகள்.

கோவலனும் மாதவியும் யாழால்தான் பிரிந்தார்கள். அந்தப் பெயர் ஆகாது என்று மாமியார் சொல்கிறார்.

கானல்வரியில் கோவலன் பாடிய பாட்டை மாதவி தவறாகப் புரிந்துகொள்கிறாள். அவள் திருப்பிப் பாட, அதை அவன் தவறாகப் புரிந்துகொள்கிறான். பிரிவு வருகிறது. ஆனால் இளங்கோ அந்த இடத்தில் என்ன எழுதினார் என்று பாருங்கள்: 'யாழிசைமேல் வைத்துத்தன் ஊழ்வினைவந் துருத்ததாகலின்'. வந்தது ஊழ்வினை, யாழிசை அதற்கு ஒரு சாக்கு. மாமியாரிடம் இந்த வரியைச் சொல்லிப் பாருங்கள். அத்துடன் கண்ணகி, மாதவி, கோவலன் என்ற பெயர்களை எத்தனை பேர் தயங்காமல் வைத்திருக்கிறார்கள் என்பதையும் நினைவுபடுத்தலாம்.

யாழ் வாசித்தவர்கள் பாணர்கள். 'அந்தச் சாதியின் பெயர் நமக்கு எதற்கு' என்கிறார் உறவினர் ஒருவர்.

நேரடியாகச் சொல்லிவிடுகிறேன்: இந்த ஒரு காரணத்துக்காகவே இந்தப் பெயரை வைக்கலாம்.

பாணர்கள் மன்னர்களோடு ஒரே அவையில் உட்கார்ந்து உண்ட காலம் ஒன்று இருந்தது. பிற்காலத்தில் அவர்களைக் கோயில் வாசலில் நிறுத்தினார்கள். சேக்கிழார் அதை மறைக்கவில்லை. எருக்கத்தம்புலியூரில் பிறந்த திருநீலகண்ட யாழ்ப்பாணர் மதுரை ஆலவாய்க் கோயிலின் வாயில் முன் நின்று யாழ் வாசிக்கிறார். இறைவன் அடியார்கள் கனவில் தோன்றி அவரை உள்ளே அழைத்துவரச் செய்கிறான். அவர் தரையில் அமர்ந்து வாசிக்கும்போது வானில் ஒரு குரல் எழுகிறது: தரையின் ஈரம் தாக்கினால் யாழின் நரம்புக்கட்டு தளர்ந்துபோகும், பாணருக்குப் பலகை இடுங்கள். பலகை இடுகிறார்கள். வாசலில் நின்றவருக்குக் கருவறை முன் இருக்கை கிடைக்கிறது. அதுவும் யாழ் நனையக்கூடாதே என்ற கவலையோடு. உறவினருக்குப் பெரியபுராணத்தில் மரியாதை இருந்தால், பேச்சு அதோடு முடிந்துவிட வேண்டும்.

யாழ்ப்பாணத்துக்கும் இந்தப் பெயருக்கும் தொடர்பு உண்டா?

இரண்டுக்கும் யாழ்தான் வேர். கண்பார்வையற்ற யாழ்ப்பாணர் ஒருவர் வாசிப்புக்குப் பரிசாக அந்த மணற்பரப்பைப் பெற்றார் என்பது ஊர்ப்பெயருக்குச் சொல்லப்படும் மரபுக் கதை. மயில்வாகனப் புலவரின் யாழ்ப்பாண வைபவமாலை அதைப் பதிந்திருக்கிறது. கதையை வரலாறாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆனால் அந்த ஊர் மக்கள் தம் ஊரை 'யாழ்' என்றே சுருக்கி எழுதுகிறார்கள். யாழ் நூலகம், யாழ் பல்கலைக்கழகம், யாழ் தேவி ரயில். 1956இல் ஓடத் தொடங்கிய யாழ் தேவி, போரில் 1990இல் யாழ்ப்பாணத்துக்குப் போவதை நிறுத்தி, 2014 அக்டோபரில்தான் மறுபடி அங்கே போய்ச் சேர்ந்தது. அதனால் கனடாவிலோ லண்டனிலோ பிறந்த ஈழத்துக் குழந்தைக்கு யாழினி என்று பெயரிருந்தால், பெற்றோர் மனத்தில் கருவியோடு ஊரும் இருந்திருக்க வாய்ப்பு அதிகம். தமிழ்நாட்டுக் குடும்பத்தில் பெரும்பாலும் கருவி மட்டுமே.

யாழினி என்பது சரஸ்வதியின் பெயரா? எந்தச் சமயத்தவர் வைக்கலாம்?

சரஸ்வதியின் கையில் இருப்பது வீணை. யாழினி அவளுடைய பெயர்களில் ஒன்று என்று சொல்லப்படுவதற்கு ஆதாரமில்லை. யாழோடு பெயர் கொண்ட அம்மன் வேதாரண்யத்தில் இருக்கிறாள், 'யாழைப் பழித்த மொழியாள்'. யாழே தோற்கும் குரல் உடையவள். திருமறைக்காட்டுப் பதிகத்தில் சுந்தரர் 'யாழைப்பழித் தன்னமொழி மங்கை' என்று பாடியதிலிருந்து வந்த பெயர். அம்மன் குரலுக்கு முன் தன் இசை எடுபடாது என்று கருவியைக் கீழே வைத்துவிட்டதால், அந்தக் கோயிலில் சரஸ்வதி வீணையின்றிச் சுவடியோடு காட்சி தருகிறாள் என்பது தலக்கதை.

யாழினி எந்தச் சமயத்துக்கும் தனியுடைமை இல்லை. திருவிவிலியத்தின் பொது மொழிபெயர்ப்பில் 33ஆம் திருப்பாடல் யாழிசைத்து ஆண்டவரைப் புகழச் சொல்கிறது. யார் வேண்டுமானாலும் வைக்கலாம்.

ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது?

ழகரத்துக்கு ஆங்கிலத்தில் எழுத்து கிடையாது. தமிழ்நாட்டில் 'இசட்', 'எச்' இரண்டையும் சேர்த்து எழுதுவது நிலைத்துவிட்டது. கனிமொழி, எழிலரசி எல்லாம் அப்படித்தான். ஈழத்தவர்கள் பெரும்பாலும் 'எல்' மட்டும் போட்டு எழுதுகிறார்கள். யாழ் என்று தனியே எழுதும்போது அந்த 'எல்'லுக்கு முன்னால் ஓர் 'ஆர்' சேர்க்கும் வழக்கமும் அங்கே உண்டு.

இரண்டிலும் சிக்கல் இருக்கிறது. முதல் வழியில் எழுதினால் வெளிமாநிலத்தார் யாஜினி, யாஸினி என்பார்கள். இரண்டாவதில் யாலினி ஆகும். என் பரிந்துரை: இந்தியாவில் வளரும் குழந்தைக்கு 'இசட்-எச்' முறை நல்லது. குறைந்தது தமிழர்களாவது சரியாகப் படிப்பார்கள். ஐரோப்பாவிலோ கனடாவிலோ வளரும் குழந்தைக்கு 'எல்' எளிது. 'யா'வின் நெடிலைக் காட்ட இரண்டு 'ஏ' போடுவது விருப்பம். அதற்கு மேல் கடைசியில் ஓர் 'ஈ', நடுவில் இன்னொரு 'எச்' என்று அலங்காரம் செய்யாதீர்கள். வாழ்நாள் முழுவதும் ஒவ்வொரு படிவத்திலும் அந்தக் குழந்தைதான் எழுத்தெழுத்தாகச் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டும்.

வீட்டிலேயே பாதிப்பேருக்கு ழ வராது. யாளினி என்கிறார்கள். என்ன செய்வது?

யாளினி என்றால் கோயில் தூணில் சிங்க முகமும் துதிக்கையுமாக நிற்கும் யாளியின் பெண்பால் என்று சொல்லிப் பாருங்கள். சிலர் அதற்கே திருந்திவிடுவார்கள்.

ழகரம் மதுரைக்குத் தெற்கிலும் ஈழத்திலும் பேச்சில் ளகரமாவது நெடுங்கால வழக்கு. அதைக் குற்றமாகப் பார்க்க வேண்டியதில்லை. நாக்கின் நுனியை மேலண்ணத்தை நோக்கி நன்றாக மடக்கி, எங்கும் ஒட்டாமல் காற்றை விட்டால் ழ வரும். ஒட்டினால் ள. குழந்தைகளிடம் அவசரம் வேண்டாம். ழகரம் மழலையில் கடைசியாக வந்து சேரும் ஒலிகளில் ஒன்று. நான்கு வயது யாழினி தன்னை 'யாயினி' என்று அறிமுகப்படுத்திக்கொள்வாள். தானாகச் சரியாகிவிடும். மலையாளிகளிடம் இந்தப் பிரச்சினை இல்லை, அவர்கள் மொழியிலும் ழ உயிரோடு இருக்கிறது.

எந்த நட்சத்திரத்துக்குப் பொருந்தும்? எண் கணிதப்படி?

வழக்கிலுள்ள எழுத்து அட்டவணையில் நோ, யா, யி, யூ ஆகியவை கேட்டைக்கு உரியவை. அதில் 'யா' இரண்டாம் பாதம், விருச்சிக ராசி. அட்டவணையைப் பின்பற்றுபவர்களுக்கு இது போதும். யாழ் என்பது மிதுன ராசிக்கு நிகண்டுகள் என்ற பழைய சொற்பொருள் நூல்கள் தரும் பெயர்களில் ஒன்று என்பது கூடுதல் செய்தி. மிதுனத்தில் பிறந்த குழந்தைக்கு அட்டவணை எழுத்து பொருந்தாவிட்டாலும் பெயரின் பொருள் பொருந்திவிடும்.

எண் கணிதம் ஆங்கில எழுத்துகளைக் கூட்டிப் பார்ப்பது. ழ என்ற எழுத்தே இல்லாத நெடுங்கணக்கில் யாழினியின் பலனைக் கணிப்பதைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

பெயரை முடிவு செய்யக் காலம் வேண்டும். பிறப்புச் சான்றிதழுக்கு என்ன செய்வது?

இந்தியாவில் பிறப்பை 21 நாட்களுக்குள் பதிய வேண்டும். பெயர் இல்லாமலும் பதியலாம். பதிந்த நாளிலிருந்து 12 மாதங்களுக்குள் கட்டணமின்றியும், அதற்குப் பிறகு 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணம் செலுத்தியும் பெயரைச் சேர்க்கலாம். ஆனால் 2023 அக்டோபர் 1ஆம் தேதியிலோ அதற்குப் பின்னோ பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, பாஸ்போர்ட், ஆதார் என எல்லாவற்றிலும் பிறந்த தேதிக்கு இந்தச் சான்றிதழே ஆதாரம் என்பதால், தள்ளிப்போடாமல் இருப்பது நல்லது.

யாழினி விஷயத்தில் இரண்டு இடங்களைக் கட்டாயம் சரிபாருங்கள். தமிழில் 'யாழினி' என்பது 'யாழிணி' என்று தட்டச்சாகிவிடுவது உண்டு. ஆங்கிலத்தில், வீட்டில் நீங்கள் முடிவு செய்த எழுத்துக்கூட்டலும் கணினியில் ஏறியதும் ஒன்றாக இருக்க வேண்டும். அச்சிடுவதற்கு முன் திரையைக் காட்டச் சொல்லிப் படித்துப் பாருங்கள். பிறகு திருத்துவதற்கு அலைவதைவிட, வரிசையில் பின்னால் நிற்பவர் முணுமுணுப்பது பரவாயில்லை.

யாழோடு சேர்ந்த வேறு பெயர்கள் உண்டா? தம்பி பிறந்தால்?

பெண்ணுக்கு யாழிசை, யாழ்மொழி, யாழ்நங்கை, யாழரசி. பையனுக்கு யாழன், யாழ்வேந்தன், யாழினியன். யாழ் என்ற ஒற்றைச் சொல்லையே இருபாலருக்கும் வைக்கிறார்கள். சுருக்கமும் அழகும் உள்ள பெயர். ஆனால் அக்காள் யாழினி, தம்பி யாழினியன் என்று வைத்தால் வீட்டில் யாரைக் கூப்பிட்டாலும் இருவரும் ஓடிவருவார்கள். தம்பிக்கு வேறு எழுத்தில் தேடுங்கள். குழலன் என்று வைத்தால் குறளும் கூடவே வரும்.

செல்லமாக எப்படிக் கூப்பிடுவது?

யாழு, யாழ்க்குட்டி, இனி. பாட்டிகள் 'யாழும்மா' என்கிறார்கள். மழலைப் பள்ளியிலிருந்து 'யாஸ்' என்று ஒன்று வந்து சேரும், அதைத் தடுக்க முடியாது.